கணவாய் ஃப்ளையும் ஃப்ளை ராடும்: கோளாறு வாரியாகச் சரிபார்க்கும் வழி

ஃப்ளை ராடில், அதாவது கனமான லைனை வீசி லேசான போலி இரையை எறியும் தூண்டில்கோலில், கணவாய் சிக்காதபோது எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ஃப்ளையின் (கையால் கட்டிய அந்தப் போலி இரையின்) நிறத்தைத்தான். பெட்டி நிறைய இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் பச்சையும் சேர்ந்த பிறகும் முள் வெறுமையாகவே வரும். பெரும்பாலான கணவாய் இனங்களுக்கு நிறம் பிரித்தறியும் பார்வையே கிடையாது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள மாறுபாடுதான் முக்கியமாக அவற்றின் கண்ணுக்கு எடுபடும். ஆகவே நிறத்தைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஃப்ளை இறங்கும் கோணம், அடுத்து ஆழம், அதற்கடுத்து லைனின் இறுக்கம்.

ஒவ்வொரு கோளாறின் கீழும் காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது, புதிதாக வாங்க வேண்டியது கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள்.

## ஒப்பிட ஓர் அளவு

கீழே "குறையுங்கள்", "கூட்டுங்கள்" என்று வருவதெல்லாம் இந்த ஃப்ளையை வைத்துத்தான்:

- 0.8 மி.மீ. துருப்பிடிக்காத கம்பி, வளைக்கும் முன் 9 செ.மீ. ஒரு முனையில் லீடர் (லைன் நுனிக்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய இழை) கட்டும் கண்ணி.
- மறுமுனையில் ஒற்றை அடுக்குச் சிறிய முள்வளையம். மேல்நோக்கி வளைந்த ஊசிகள் கிரீடம்போல் சுற்றி நிற்குமே, அதுதான். சாதாரணத் தூண்டில் முள்ளில் இருக்கும் பின்முள் இதில் இல்லை.
- முதுகில் தண்ணீர் குடிக்காத ஃபோம் பட்டை: 3 மி.மீ. தடிமன், 6 மி.மீ. அகலம், 5 செ.மீ. நீளம்.
- தலைப்பக்கம், முதல் மூன்றில் ஒரு பாகத்தில், வயிற்றடியில் ஈயக்கம்பி 0.5 கிராம்.
- மேலே நைலான் ஸ்டாக்கிங் துணி ஒரு சுற்று, கொஞ்சம் செயற்கை மயிர், இரண்டு பிளாஸ்டிக் மணிக்கண்.

முழு நீளம் 6 முதல் 7 செ.மீ., காய்ந்த எடை 2 கிராம் அளவில். ராடு 6 முதல் 8ஆம் எண் (எண் ஏற ஏற ராடு வீசும் லைனின் கனம் கூடும்). லீடர் நுனி 0.26 முதல் 0.30 மி.மீ. ஃப்ளூரோகார்பன். ஃப்ளையை இறுக்கமான முடிச்சில் கட்டாமல் சுருக்கு விழாத வளைய முடிச்சில் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் லீடரின் விறைப்பு தலையைத் தூக்கி, கோணத்தைக் கெடுத்துவிடும்.

## கோளாறு 1: ஃப்ளை சரியாக இறங்கவில்லை

இந்தச் சோதனையைக் கடலில் செய்யாதீர்கள். 10 லிட்டர் வாளியில் 350 கிராம் உப்பைக் கரைத்தால் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய வந்துவிடும். குழாய்த் தண்ணீரில் மெல்ல மூழ்கும் ஃப்ளை கடலில் மிதந்துவிடலாம். உப்புக்குச் சோம்பல்படுகிறவர்கள்தான் "வீட்டில் நன்றாக இறங்கியதே" என்று பிறகு குழம்புவார்கள். ஃப்ளையை முதலில் நன்றாக நனைத்து, காற்றுக்குமிழ் போகப் பிழிந்துவிட்டு, 30 செ.மீ. லீடரோடு விடுங்கள்.

வர வேண்டிய நிலை இது: தலை கீழே, முள்வளையம் மேலே, உடல் 30 முதல் 45 பாகை சாய்வு, மீட்டருக்கு ஐந்தாறு விநாடி. வாளி ஆழம் 30 செ.மீ. என்றால் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தரை தொட வேண்டும்.

### வால் முதலில் இறங்குகிறது

முள்வளையத்தின் எடையை ஃபோம் தாங்கவில்லை. ஃபோமை 5 மி.மீ. பின்னால் நகர்த்துங்கள். போதவில்லை என்றால் ஈயத்தைக் கண்ணியை நோக்கி முன்னே தள்ளுங்கள். ஈயத்தைக் கூட்டுவது மூன்றாவது வழிதான். கூட்டினால் எறிவது கெடும். இரட்டை அடுக்கு வளையம் போட்டிருந்தால் வேறு வைத்தியமே வேண்டாம், ஓர் அடுக்கை எடுத்துவிடுங்கள்.

### செங்குத்தாகத் தலைகுப்புற விழுகிறது

ஈயம் அதிகம், அல்லது மூக்குக்கு மிக அருகில் இருக்கிறது. இரண்டு சுற்று வெட்டிப் பாருங்கள்.

### பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது

ஈயம் வயிற்றின் நடுக்கோட்டில் இல்லை, அல்லது கட்டும்போது நூலின் இழுப்பில் ஃபோம் ஒரு பக்கம் திரும்பிவிட்டது. இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கும். ஃபோமை முதலில் சூப்பர் க்ளூவில் ஒட்டி, காய்ந்த பிறகு நூல் சுற்றினால் திரும்பாது. ஏற்கெனவே கட்டி முடித்த ஃப்ளை என்றால் பிரிக்க வேண்டாம். எதிர்ப்பக்க வயிற்றில் மிகச் சிறிய ஈயத்துண்டு ஒன்றை யூவி ரெசினில் (புறஊதா விளக்கில் இறுகும் பசையில்) பதித்தால் நிமிர்ந்துவிடும்.

### இழுக்கும்போது சுழல்கிறது

கம்பி வளைந்திருக்கிறதா என்று கண்ணிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். கம்பி நேராக இருந்தால் மணிக்கண்கள் சமமாக இல்லை, அல்லது துணியின் தையல் பக்கவாட்டில் வந்திருக்கிறது. தையல் வயிற்றடியில் இருக்க வேண்டும். சுழலும் ஃப்ளையை எறியாதீர்கள், அரை மணி நேரத்தில் லீடர் முறுக்கேறிவிடும்.

### மிக மெதுவாக இறங்குகிறது, அல்லது இறங்குவதே இல்லை

துணிக்குள் காற்று தங்கியிருக்கிறது. ஊசியால் நாலைந்து துளை போடுங்கள்.

## கோளாறு 2: எறிய முடியவில்லை

7ஆம் எண் லைனின் முதல் 9 மீட்டர் சுமார் 12 கிராம்தான். 2 கிராம் ஃப்ளை அதற்குத் தாங்கும் எல்லை. ஃப்ளையை நனைத்து, உதறி, பிறகு எடை போடுங்கள். மயிரும் துணியும் குடிக்கிற தண்ணீரைக் கணக்கில் எடுக்காமல்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஈர எடை 3 கிராமைத் தாண்டினால் மயிரில் பாதியைக் கத்தரித்துவிடுங்கள். கணவாய்க்கு அது குறையாகத் தெரியாது.

எடை சரி, ஆனாலும் ஃப்ளை ராடில் மோதுகிறது என்றால் வீச்சைப் பாருங்கள். பின்வீச்சு பக்கவாட்டில், முன்வீச்சு தலைக்கு மேல், நடுவில் நிறுத்தாமல் நீள்வட்டமாகச் சுற்றி வர வேண்டும். முன்னும் பின்னும் பலமுறை வீசிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பின்வீச்சு, ஒரு முன்வீச்சு, அவ்வளவுதான். மூழ்கிய லைனை அப்படியே பின்னுக்குத் தூக்கினால் ராடு அளவுக்கு மீறி வளையும். முதலில் ஓர் உருட்டு வீச்சில் (பின்வீச்சு இல்லாமல் லைனை முன்னோக்கி உருட்டி விரிப்பது) லைனை மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிட்டுத் தூக்குங்கள். கண்ணாடி அணியாமல் இந்த ஃப்ளையை எறியக் கூடாது, இரவிலும்கூட.

காலடியில் லைன் சிக்குகிறது என்றால் இடுப்பில் ஒரு லைன் கூடை கட்டுங்கள். இதெல்லாம் சரியான பிறகும் 12 மீட்டர் தாண்டவில்லை என்றால் மட்டும், தலைப்பகுதி குட்டையாகவும் கனமாகவும் உள்ள லைனைப் பற்றி யோசிக்கலாம். ராடைக் குறை சொல்லும் முன் எறியக் கற்றுத்தருபவரிடம் ஒரு மணி நேரம் செலவழிப்பது மலிவு.

## கோளாறு 3: ஒரு தொடுகைகூட இல்லை

### கணவாய் கண்ணுக்குத் தெரிகிறது, ஃப்ளையைத் தொடவில்லை

1. இழுப்பை நிறுத்துங்கள். ஃப்ளை விழும்போதும் தொங்கி நிற்கும்போதும்தான் கணவாய் பிடிக்கும். 20 செ.மீ. இழுப்பு இரண்டு, பிறகு முழுதாக ஐந்து விநாடி ஓய்வு. மீனுக்கு இழுத்துப் பழகிய கைக்கு ஐந்து விநாடி மிக நீளமாகத் தோன்றும். வாய்விட்டு எண்ணுங்கள்.
2. பின்தொடர்ந்து வந்து, நின்று, பின்வாங்குகிறதா? ஓய்வின்போது ஃப்ளை படுத்துக்கொள்கிறது, அல்லது வால் முதலில் விழுகிறது. கோளாறு 1க்குத் திரும்புங்கள்.
3. இரவில் என்றால் டார்ச்சை அணையுங்கள். நிலையான விளக்கு கணவாயைச் சேர்க்கும், தண்ணீர் மேல் அலையும் விளக்கு கலைத்துவிடும்.
4. ஃப்ளையை 4 அல்லது 5 செ.மீ. ஆக்குங்கள். விளக்கடியில் சேர்ந்திருக்கும் இரை சிறிதாக இருந்தால் 7 செ.மீ. ஃப்ளை அந்நியமாகத்தான் நிற்கும்.
5. இருட்டில் ஒளிரும் ஃப்ளை என்றால் விளக்கில் காட்டும் நேரத்தைக் குறையுங்கள். மங்கலான ஒளிர்வே போதும்.
6. இப்போது நிறத்தை மாற்றலாம். மாற்றுவதானால் வெளிரிலிருந்து அடர்த்திக்கு மாற்றுங்கள். இளஞ்சிவப்புக்குப் பதில் அதே அளவு அடர்த்தியுள்ள ஆரஞ்சு போடுவதால் கணவாயின் கண்ணுக்குப் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

### கணவாயே இருப்பதாகத் தெரியவில்லை

அநேகமாக ஆழம்தான் குற்றவாளி. மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைன் விநாடிக்கு 4 செ.மீ. அளவில்தான் இறங்கும், அதாவது மீட்டருக்கு 25 விநாடி. 4 மீட்டர் ஆழத்துக்கு 100 விநாடி. நீரோட்டம் இருக்கும் இடத்தில் அதற்குள் ஃப்ளை உங்களைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். வேகமாக மூழ்கும் லைன், டைப் 6 என்று விற்பது, விநாடிக்கு 15 செ.மீ. இறங்கும், அதே ஆழத்துக்கு அரை நிமிடத்துக்கும் குறைவு.

புது லைன் வாங்கும் முன் இருக்கும் லைனிலேயே எண்ணிப் பாருங்கள். எறிந்ததும் எண்ணத் தொடங்குங்கள், ஃப்ளை தரை தொடும்வரை. அடுத்த எறிகையில் அதற்கு ஐந்து எண்ணிக்கை முன்பாக இழுக்கத் தொடங்குங்கள். அதிலும் இல்லை என்றால் பத்து முன்பாக. இப்படித் தரையிலிருந்து மேலே ஏறிக்கொண்டே வந்தால் அவை நிற்கும் அடுக்கு கிடைத்துவிடும். தரையை எட்டவே முடியவில்லை என்பது உறுதியானால்தான் வேக லைன் தேவை. நீரோட்டத்தின் எதிர்த்திசையில் கொஞ்சம் சாய்த்து எறிவதே சில இடங்களில் அந்தச் செலவை மிச்சப்படுத்தும்.

மூழ்கும் லைனில் லீடர் 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம். நீண்டால் லைனும் ஃப்ளையும் வெவ்வேறு ஆழத்தில் நிற்கும், நடுவில் லீடர் வில்லாக வளைந்திருக்கும். கணவாய் பிடித்தாலும் கைக்குத் தெரியாது. மிதக்கும் லைனில் 3 மீட்டர் லீடர் போடலாம். படகுத்துறை விளக்கடியில், தண்ணீரின் மேல் இரண்டு மீட்டரில், அதற்கு நிகர் இல்லை.

ஆழம் சரி என்றால் இடம். விளக்கின் நடு வெளிச்சத்தில் எறியாமல் வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டின் ஓரமாக ஃப்ளையை நடத்துங்கள். நிழலில் நின்று வெளிச்சத்துக்குள் பாய்வதுதான் கணவாயின் வழக்கம். முழுநிலவில் விளக்கின் ஈர்ப்பு குறைந்துவிடும். பெருமழைக்குப் பின் ஆற்று முகத்துவாரத்தில் நேரத்தை வீணாக்காதீர்கள். நன்னீர் கலந்த தண்ணீரைக் கணவாய் தாங்காது. உப்பும் தெளிவும் உள்ள பக்கமாக நகருங்கள்.

## கோளாறு 4: தொடுகிறது, ஆனால் முள்ளில் ஏறவில்லை

முதல் கேள்வி, தொட்டதை எப்படி உணர்ந்தீர்கள்? கணவாய் மீனைப்போல வெட்டி இழுக்காது. பாசி மாட்டியதுபோல் ஒரு கனம் வரும். அல்லது இறங்கிக்கொண்டிருந்த லைன் பாதியில் நின்றுவிடும். அல்லது திடீரென்று தளரும். மூன்றும் தொடுகைதான். ராடு நுனியைத் தண்ணீருக்கு அருகில் தாழ்த்தி, லைனோடு ஒரே கோட்டில் வைத்திருந்தால்தான் இவை தெரியும். காற்றில் லைன் தொங்கிக்கொண்டிருந்தால் பாதித் தொடுகை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

### கனம் வந்து உடனே போய்விடுகிறது

ராடை வெடுக்கென்று தூக்கியிருப்பீர்கள். கூடாது. இடது கையால் நீளமாக, நிற்காமல் 40 அல்லது 50 செ.மீ. இழுங்கள். கனம் தொடர்ந்தால் அதன் பிறகு ராடை மெல்ல உயர்த்துங்கள். போய்விட்டதா? ஃப்ளையை எடுத்துவிடாதீர்கள். அப்படியே விழ விடுங்கள், பலமுறை அதே கணவாய் திரும்பி வரும்.

### திரும்பத் திரும்பத் தொடுகிறது, எப்போதும் ஏறுவதில்லை

ஊசிகளைப் பாருங்கள். கட்டைவிரல் நகத்தில் மெல்ல வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும். வழுக்கினால் மெல்லிய அரத்தில் நாலு தேய்ப்பு, அதற்கும் சரிவரவில்லை என்றால் வளையத்தையே மாற்றுங்கள். பின்முள் இல்லாத ஊசிக்குக் கூர்மை ஒன்றுதான் பலம்.

ஊசி கூராக இருந்தும் இப்படி என்றால் மயிர் தடுக்கிறது. வால் மயிர் முள்வளையத்தைத் தாண்டி நீளக் கூடாது, ஊசிகளுக்கு நடுவிலும் புகக் கூடாது. தாண்டுவதைக் கத்தரியுங்கள். அழகுக்காக விட்ட இறகு வால்தான் பெரும்பாலும் குற்றவாளி.

கடைசிக் காரணம் நீளம். கணவாய் இரையின் தலைக்குப் பின்னால் பிடிக்கும் பழக்கம் உள்ளது, உங்கள் முள்ளோ வாலில் இருக்கிறது. கட்டும் நீளத்தை 5 செ.மீ. ஆக்கினால் கைகள் வளையம்வரை சுற்றிவரும். நடுவில் இரண்டாவது வளையம் சேர்க்கலாம். ஆனால் எடை கூடும், கோணம் மாறும், மறுபடி வாளிச் சோதனை. சில இடங்களின் மீன்பிடி விதிகளில் ஒரு லைனில் இருக்கக்கூடிய முள்ளுக்குக் கணக்கு உண்டு. சேர்க்கும் முன் அதையும் பாருங்கள்.

## கோளாறு 5: ஏறியது, வழியில் போய்விட்டது

### முள்ளில் ஓர் உணர்கை மட்டும் ஒட்டியிருக்கிறது

எட்டுக் கைகளுக்கு அப்பால் கணவாய்க்கு நீண்ட உணர்கைகள் இரண்டு. இரையை முதலில் எட்டிப் பிடிப்பது அவை. முள் அதில் மட்டும் ஏறியிருக்கும்போது பலமாக இழுத்தால் பிய்ந்துவிடும். ரீலின் டிராகை (லைன் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்கை) தளர்த்துங்கள்: லீடரை ஒரு சிறு தராசில் மாட்டி இழுத்தால் 300 முதல் 500 கிராமில் நழுவ வேண்டும். கணவாய் விட்டுவிட்டு உந்தும். உந்தும்போது கொடுங்கள், நிற்கும்போது வாங்குங்கள்.

### முள்ளில் எதுவுமில்லை, சும்மா கழன்றது

நடுவில் லைன் தளர்ந்திருக்கிறது. பின்முள் இல்லாத முள்ளில் அரை விநாடித் தளர்வு போதும். ராடை உயர்த்தி, தாழ்த்தி, தாழ்த்தும்போது லைன் வாங்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். ராடு ஒரே வளைவில் நிற்கட்டும், கை மட்டும் இழுக்கட்டும். கையால் இழுப்பதிலிருந்து ரீலுக்கு மாறும் அந்தத் தடுமாற்றத்தில்தான் அதிகம் கழலும். ஒரு கிலோவுக்குக் குறைந்த கணவாயை ரீலுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

### கரையருகே வந்து போகிறது

கைவலையை முன்னால் நீட்டினால் பயந்து பின்னோக்கிப் பாயும். வலையை அதன் வால்நுனிக்குப் பின்னால் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருங்கள், தானே உள்ளே பாயும். தூக்கும் முன் மேற்பரப்பில் ஒருமுறை மையைக் கக்க விடுங்கள், புனல்வாய் (மையையும் நீரையும் பீய்ச்சும் குழாய்) உங்கள் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உயரமான துறையில் ராடை நட்டமாக நிறுத்திக் கணவாயைத் தூக்காதீர்கள். நுனி முறியும். கயிறு கட்டிய இறக்கு வலை வேண்டும்.

## கோளாறு 6: அடியில் மாட்டிக்கொள்கிறது

முள்வளையம் மேலே நிற்கும் ஃப்ளை பாறையில் அவ்வளவாக மாட்டாது. அடிக்கடி மாட்டுகிறது என்றால் வால் தாழ்ந்திருக்கிறது, கோளாறு 1. மாட்டினால் ராடால் இழுக்காதீர்கள், லைனைக் கையில் சுற்றவும் வேண்டாம், விரலை அறுத்துவிடும். ராடை லைனோடு நேராக வைத்து, துணியில் சுற்றிப் பிடித்துப் பின்னால் நடங்கள். ஊசி நிமிர்ந்து வந்துவிடும், இடுக்கியில் மறுபடி வளைக்கலாம். ஒரே ஊசியை இரண்டு மூன்று முறை வளைத்த பிறகு நம்பாதீர்கள்.

## கோளாறு 7: ஃப்ளை சீக்கிரம் சிதைகிறது

துணி கிழிவது கணவாயின் வாயிலுள்ள கூரிய அலகின் வேலை, தவிர்க்க முடியாது. ஆனால் கிழிந்த இடத்தில் நூல் பிரியக் கூடாது. துணிக்கு அடியிலேயே நூலுக்கு ஒரு பூச்சு ரெசின் கொடுத்துவிடுங்கள். முள்வளையம் கம்பியில் வழுக்கினால் கம்பி நுனியை உள்ளே மடித்து, நூல் சுற்றி, பிறகு ஒட்டுங்கள். பசை மட்டும் நிற்காது. மை காய்ந்தால் கறை போகாது. ஒவ்வொரு கணவாய்க்குப் பிறகும் பழைய பல்துலக்கியால் கடல்நீரில் தேய்த்து, வீட்டில் நன்னீரில் அலசி, காய்ந்த பின்பே பெட்டியில் வையுங்கள். ஈரமான ஒரு ஃப்ளை பெட்டி முழுவதையும் துருவாக்கும்.

## கோளாறு 8: லைன், ராடு, ரீல்

மிதக்கும் லைனின் நுனி மூழ்குகிறது: முதலில் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். பிறகும் மூழ்கினால் மேல்பூச்சு வெடித்திருக்கும். வெடிப்பு முதல் ஒரு மீட்டருக்குள் இருந்தால் வெட்டிவிட்டுப் புது வளையம் போடலாம், அதற்கு அப்பால் என்றால் புது லைன்.

லைன் ஒரே இடத்தில் கீறுகிறது: ராடு வளையங்கள் ஒவ்வொன்றிலும் ஸ்டாக்கிங் துணியை நுழைத்துச் சுழற்றுங்கள். இழை மாட்டினால் அந்த வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது ராடு பழுதுபார்ப்பவர் வேலை. இணைப்பில் "டிக்" என்று சத்தம் கேட்டால் துண்டுகளைக் கழற்றித் துடைத்து, இறுக்கமாக மாட்டிப் பாருங்கள். சத்தம் தொடர்ந்தாலோ இணைப்பு உறையில் மயிரிழைக் கோடு தெரிந்தாலோ அந்த ராடில் இன்னொரு எறிகை வேண்டாம். சிக்கிக்கொண்ட இணைப்பை இடுக்கியால் திருகியவர்கள் ராடை உடைத்துத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

டிராக் விட்டுவிட்டு இழுக்கிறது: நன்னீரில் அலசி, குமிழைத் தளர்த்தி நிழலில் உலர்த்துங்கள். மூடிய டிராக் உள்ள ரீலை நீங்களே திறக்காதீர்கள்.

## கோளாறு 9: முள் உங்களைக் குத்தியது

பின்முள் இல்லாததால் நுழைந்த வழியிலேயே வந்துவிடும். எடுத்து, சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். மூட்டில் ஆழமாக ஏறியது, சிவந்து வீங்குவது, காய்ச்சல், டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். கண்ணில் என்றால் இழுக்கவே கூடாது. லீடரை மட்டும் வெட்டி, அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையால் மூடி, மருத்துவமனைக்கு.

இந்தோ-பசிபிக் கரைகளில் கணவாய் முள்ளில் சில நேரம் சிறிய பேய்க்கணவாயும் (ஆக்டோபஸ்) ஏறும். உடலில் நீல வளையங்கள் பளிச்சிட்டால் கையால் தொடாதீர்கள். லீடரை வெட்டிக் கடலிலேயே விடுங்கள். அதன் கடி பெரும்பாலும் வலிக்காது, ஆனால் நஞ்சு மூச்சுத்தசைகளை முடக்கும்; முறிமருந்து கிடையாது. கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே அவசர உதவியை அழையுங்கள். மூச்சு நின்றால், உதவி வந்து சேரும்வரை செயற்கை மூச்சுக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.